ஏழாம் நம்பர்த் தண்ணீர்

யோகேஸ்வரன் பொய் சொல்கிறான் என்று முதலில் சொன்னவள் நான்தான். மேற்பார்வை பார்க்கிற சாரதி சொல்லவில்லை. முதலாளி கிரெக்கும் சொல்லவில்லை. மண் சோதிக்கிற மீற்றரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆறு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் சொன்னேன்.

"மீற்றர் பொய் சொல்லாது தம்பி."

யோகேஸ்வரன் ஒரு கையுறையைக் கழற்றினான். பிறகு அதையே திரும்ப மாட்டிக்கொண்டான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வரதராஜா மட்டும், "சனிக்கிழமை நல்ல நித்திரை போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் நர்சரி டண்டினொங் என்கிற புறநகரைத் தாண்டி, கிடங்குகள் முடிந்து மரக்கறித் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பெரிய கடைகளுக்குச் சாடிச் செடி அனுப்புவோம். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், அதில் பதினொரு பேர் தமிழர். நான் வந்து ஒன்பது வருடம். முதல் ஆறு வருடம் சாடிக்கு மண் நிரப்பினேன். முதுகில் ஒரு தட்டு விலகிய பிறகு, சிவகௌரி இனிக் குனியமாட்டாள் என்று டொக்டர் எழுதிக் கொடுக்க, சோதனை மேசையில் விட்டார்கள்.

அந்த வேலை பெரிய வித்தை இல்லை. சாடிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, மேலே சுத்தத் தண்ணீர் ஊற்றி, கீழே வடிகிற தண்ணீரில் மீற்றரைத் தோய்க்க வேண்டும். மீற்றர் ஒரு நம்பர் காட்டும். அதுதான் மண்ணின் பிஎச். ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு, ஏழுக்கு மேலே போகப் போகச் சுண்ணாம்புக் குணம். ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு நம்பர் பிடிக்கும். புளூபெரிச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும், நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில். அதற்குக் கீழே போனால் வேர் கருகும், மேலே போனால் இலை மஞ்சளாகும்.

மீற்றரும் மனிதரைப் போலத்தான், தன் பாட்டில் விட்டால் விலகிப் போகும். அதனால் தினமும் காலையில் அதைச் சரிக்கட்ட வேண்டும். அதற்கென்று கறுப்புப் போத்தலில் ஒரு தண்ணீர் வரும். நாங்கள் அதை ஏழாம் நம்பர்த் தண்ணீர் என்போம். அதன் பிஎச் சரியாக ஏழு, கூடாது, குறையாது. அதைச் சின்னக் கப்பில் ஊற்றி, மீற்றரைத் தோய்த்து, ஏழு காட்டும்வரை பக்கத்தில் இருக்கிற திருகாணியைத் திருக வேண்டும். இப்போது வருகிற மீற்றர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளும், பிழையென்றால் கத்தும். எங்களுடையது பழையது. திருகினால் திருகின பக்கம் போகும்.

ஒக்ரோபர் தொடக்கத்தில் ஆறாம் பந்தி வரிசையில் இருந்த நாலாயிரம் புளூபெரிச் சாடிகள் புளித்துக்கொண்டு போவதாக மீற்றர் காட்டியது. ஐந்தில் இருந்தது நாலுக்கு வந்தது. சாரதிக்கு முழுப் பெயர் பார்த்தசாரதி, ஈரோட்டுக்காரர், விவசாயம் படித்தவர். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு சாடிக்கும் ஊற்றச் சொன்னார். சுண்ணாம்பு, பசளை எல்லாம் கலந்து ஊற்றுகிறவன் யோகேஸ்வரன். மற்ற நாட்களில் பந்திகளுக்கு நடுவில் ஆட்கள் நடமாடுவதால் அந்த வேலை சனிக்கிழமைதான் நடக்கும். சுண்ணாம்புத் தண்ணீர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு, குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலாயிரம் சாடிக்கும் ஒரு ஆள். பார்ப்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

முதல் சனி ஊற்றினான். திங்கள் நான் சோதித்தேன். மூன்று புள்ளி ஒன்பது. கூடவில்லை, குறைந்திருந்தது. இரண்டாம் சனி கூடுதலாக ஊற்றச் சொன்னார்கள். திங்கள் மூன்று புள்ளி எட்டு. மூன்றாம் சனிக்குப் பிறகும் அதே மூன்று புள்ளி எட்டு. அதற்குள் புதுத் துளிர் எல்லாம் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. வெள்ளிக்கிழமை ரக் வந்து ஏற்றிப் போக வேண்டிய செடிகள்.

சுண்ணாம்பு ஊற்றினால் பிஎச் ஏறித்தான் ஆகவேண்டும். ஏறவில்லையென்றால் ஊற்றவில்லை. இதற்கு விவசாயம் படிக்கத் தேவையில்லை. அப்படித்தான் நான் அந்த மூன்றாம் திங்கள் அந்த வார்த்தையைச் சொன்னேன். யோகேஸ்வரனின் கைகளை நான் பார்த்திருந்தேன். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக இருந்தது. பார்த்தும், நம்பரைத்தான் நம்பினேன்.

அவனுக்கு முப்பத்திநாலு வயது. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று வருடத்தில் படகில் வந்தவன். பதின்மூன்று வருடமாக, முடிவு வரும்வரை தங்கவிடுகிற பிரிட்ஜிங் விசா. அவன் சொன்ன கதை நம்பத்தகுந்ததல்ல என்று எழுதி அவனுடைய அகதிக் கேஸைத் தள்ளியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை ஒருமுறை என்னிடம் தந்து, ஒரு இங்கிலிஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. மகளிடம் கேட்டுச் சொன்னேன். முன்னுக்குப் பின் முரண் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரம். என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சோறும் பருப்பும் கணவாய்க் கறியும் கையால் சாப்பிட்டேன். குழாயடியில் ஆட்கள் நின்றதால் கையைக் கடதாசியில் துடைத்துவிட்டு, காலையில் வடியவிட்ட புளூபெரிச் சாடி ஒன்றை நகர்த்தினேன். தட்டு சரிந்து, வடிந்த தண்ணீர் விரலில் ஊற்றியது.

விரல் நுனி சிவந்தது.

வெட்டிவிட்டது என்று நினைத்தேன். உதறினேன். நோகவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பருப்பின் மஞ்சள் படிந்திருந்த இடமெல்லாம் செங்கல் நிறமாக இருந்தது. மஞ்சள் படாத இடம் சும்மா இருந்தது.

மஞ்சள் கறை பட்ட சட்டைக்குச் சவர்க்காரம் போட்டால் சிவக்கும். சமைக்கிற எவருக்கும் தெரியும். சுண்ணாம்பு பட்டாலும் சிவக்கும். புளி பட்டால் சிவக்காது. எத்தனை புளி ஊற்றினாலும் மஞ்சள் மஞ்சளாகத்தான் இருக்கும். இந்தத் தட்டில் இருப்பது எலுமிச்சம் புளிக்குக் கிட்டப் போகிற தண்ணீர் என்று காலையில் என் மீற்றர் சொன்னது. நான் என் கையால் எழுதினேன்.

அலுமாரியில் ஆயுத பூசைக்கு வாங்கின மஞ்சள் தூள் டப்பா மிச்சம் இருந்தது. கடதாசித் துண்டுகளை நனைத்து, மஞ்சளைத் தடவி, ஆறாம் பந்திக்குக் கொண்டு போனேன். முதல் சாடியில் வடித்துத் தொட்டேன். சிவந்தது. அடுத்தது, அதற்கும் அடுத்தது. பந்தியின் கடைசிக்குப் போனேன், சோம்பேறியாக இருந்தால் அங்கேதான் ஊற்றாமல் விட்டிருப்பான். அங்கேயும் சிவந்தது. பிறகு தோடம்பழக் கன்று நிற்கிற மூன்றாம் பந்திக்கு ஓடினேன், அதற்கு யாரும் சுண்ணாம்பு ஊற்றவில்லை. கடதாசி மஞ்சளாகவே இருந்தது.

பந்தி ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் ஊற்றியிருக்கிறான். மூன்று சனியும் ஊற்றியிருக்கிறான், ஒரு சாடி விடாமல். அந்தச் செடிகள் புளிப்பில் சாகவில்லை, சுண்ணாம்பில் செத்துக்கொண்டிருந்தன. நாங்கள் ஊற்றச் சொல்லி ஊற்றிய சுண்ணாம்பு.

அப்படியென்றால் பிழை மீற்றரில். மேசைக்குத் திரும்பி, ஏழாம் நம்பர்த் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மஞ்சள் கடதாசியில் விட்டேன். ஏழில் மஞ்சள் மாறக்கூடாது.

சாடித் தண்ணீரைவிட அதிகமாகச் சிவந்தது.

திறக்காத புதுப் போத்தல் ஒன்று மேல்தட்டில் இருந்தது. முத்திரையை உடைத்து ஊற்றினேன். மஞ்சள் நிறத்தில் தெளிந்த தண்ணீர். கடதாசி மாறவில்லை. பழைய போத்தலை முதல் தடவையாகக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். கலங்கி, தோடம்பழச் சாறு போல இருந்தது. போத்தலும் கப்பும் கறுப்பு என்பதால் மூன்று கிழமையாக எனக்குத் தெரியவில்லை. திருகாணியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத் திருக வேண்டியிருந்தது மட்டும் தெரியும். மீற்றருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

யார் இதற்குள் சுண்ணாம்பு போட்டது? யாருக்கு யார் மேல் என்ன கோபம்? இரண்டு மூன்று முகம் மனதில் வந்தது. வரதராஜாவின் முகமும் வந்தது. அப்போது கையில் இருந்த கப்பைப் பார்த்தேன்.

கப்பின் அடியில் வெள்ளையாக ஒரு படை. தண்ணீர்க் கறை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டினேன், மாவாக வந்தது. மாவு இருந்த விரலில் மஞ்சள் மிச்சம் இருந்தது. விரல் குங்குமம் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒக்ரோபர் முதலாம் திகதி நர்சரியில் முதல் தடவையாக ஆயுத பூசை செய்தோம். சாரதிதான் கிரெக்கிடம் பேசி அனுமதி வாங்கினார். மண் நிரப்புகிற புது மெசின் வந்திருந்த நேரம். கத்திரிக்கோல், மண்வெட்டி, ஃபோர்க்லிஃப்ட், என் மீற்றர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூசணிக்காயை கிரெக் உடைக்க வேண்டும் என்றார் சாரதி. இவ்வளவு நல்ல பூசணியா என்று கிரெக் இரண்டு தரம் கேட்டுவிட்டு உடைத்தார். உடைத்த துண்டுகளைப் பொறுக்கி, சூப் வைக்க வீட்டுக்குக் கொண்டு போனார். கம்பனியின் இணையப் பக்கத்தில் படம் போட்டார்கள். எல்லோரும் நெற்றியில் பொட்டோடு நிற்கிறோம், நடுவில் கிரெக்.

மெசினுக்கு ஆரத்தி சுற்ற வேண்டும் என்று சாரதி கடைசி நேரத்தில் சொன்னார். எங்கள் பக்கத்து ஆலாத்தி வேறு. வாழைப்பழத் துண்டில் திரி வைத்துச் சுற்றுவோம். அவர் சொன்னது சிவப்புத் தண்ணீர். "தண்ணில கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு, அவ்வளவுதான் கௌரிக்கா" என்றார். நான் முன்பின் செய்ததில்லை. சுண்ணாம்புக்கு எங்கே போக? யோகேஸ்வரனின் மூட்டை இருந்தது, இரண்டு கை அள்ளினேன். கரைக்க ஏனம்? காகிதக் கப் எல்லாம் கோப்பி குடித்துக் குப்பையில் போட்டாயிற்று. சோதனை மேசையில் இருந்த கப்பை எடுத்தேன். அதில் கெட்டியாகக் கரைத்து, தட்டில் இருந்த மஞ்சள் தண்ணீருக்குள் ஊற்றினேன். முடிந்தபின் குழாயில் பிடித்து ஒரு அலசு அலசி, திரும்ப மேசையில் கவிழ்த்தேன்.

அதோடு போயிருந்தால் ஒரு நாள் பிழையாகப் போயிருக்கும். கப்பில் ஊற்றின தண்ணீரை வேலை முடியக் கொட்டிவிட வேண்டும் என்று மேசைக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. நான் ஒரு நாளும் கொட்டியதில்லை. சுத்தமாக இருக்கிற ஒரு சாமானைத் தினமும் காலையில் கழிவுக் கானுக்குள் ஊற்ற எனக்குக் கை வராது. பதினொரு வயதில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் குந்தினவள், முகாமில் ஒரு வாளி தண்ணீருக்கு ஐந்து மணித்தியாலம் நின்றவள். அதனால் தினமும் கப்பில் மிச்சத்தைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றினேன். தினமும் கப்பின் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போத்தலுக்குள் போனது. ஏழு ஒன்பதாகி, பதினொன்றுக்கும் மேலாகி, அதை நான் ஏழு என்று மீற்றருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு அதே மீற்றரைப் பிடித்துக்கொண்டு, அது பொய் சொல்லாது என்றேன்.

யோகேஸ்வரன் பின்பக்கம் தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க அவனிடம் போனேன். அவனைப் பற்றி மூன்று மணிக்கு முடிவு சொல்வதாக சாரதி சொல்லியிருந்தார். இரண்டு மணித்தியாலம் இருக்கிறது.

"தம்பி, மீற்றர் பிழை. நீங்கள் சுண்ணாம்பு ஊத்தினது உண்மை."

அவன் குழாயை மூடினான். "ஊத்தினனான் எண்டு எனக்குத் தெரியும்தானே அக்கா."

"ஒண்டிலயும் சைன் வைச்சிடாதேங்கோ. நான் போய்க் கதைக்கிறன்."

"வைச்சிட்டன். காலமை பத்து மணிக்கு."

என்ன எழுதியதில் கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்டேன். மூன்று சனியும் ஊற்றாமல், ஊற்றினேன் என்று பதிந்ததாக ஒரு கடதாசி. அதில் பெயர் எழுதிக் கையெழுத்து.

கை வெடிக்க வெடிக்க ஊற்றியவன், ஊற்றவில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறான். கோபம்கூட அவன் மேல்தான் வந்தது. ஏன் வைத்தாய் என்று கத்தினேன்.

"உண்மையைச் சொல்லி நான் ஒருக்காலும் வெண்டதில்லை அக்கா" என்றான். "ஓம் எண்டா வோர்னிங் மட்டும்தானாம், சாரதி சொன்னவர். இல்லையெண்டா விசாரிப்பினமாம். விசாரணை எண்டா என்னண்டு எனக்குத் தெரியும். ஒரே கேள்வியை மூண்டு விதமாக் கேப்பினம். மூண்டாந்தரம் எனக்கே சந்தேகம் வந்திடும்."

தாங்கியைத் திரும்பக் கழுவத் தொடங்கினான்.

சாரதி தன் சின்ன அறையில் கணினிக்கு முன்னால் இருந்தார். நான் எதுவும் சொல்லாமல் இரண்டு போத்தலையும் கப்பையும் மஞ்சள் டப்பாவையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். சாடித் தண்ணீர் சிவந்தபோது எழுந்தார். பழைய போத்தல் சிவந்தபோது உட்கார்ந்தார். கப்பைக் காட்டியபோது அதை வாங்கி, அடியில் இருந்த படையை நகத்தால் சுரண்டினார். ஆரத்தி என்ற சொல்லை நான் சொல்லவேயில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"எலையப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்று தனக்குள் சொன்னார். "நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள். காலேஜ்ல மொத வருஷப் பாடம்க்கா. மீட்டர் நாலுன்னுச்சு, நான் கண்ண மூடிக்கிட்டேன்."

பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னதில் பாதி நியாயமாகத்தான் இருந்தது. பழைய போத்தலைக் கொட்டிவிடலாம், இன்றைக்கே கந்தகமும் இரும்புச் சத்தும் கொடுக்கத் தொடங்கலாம், பிழைக்கிற செடி பிழைக்கட்டும். கிரெக்கிடம் மீற்றர் பழுது என்று மட்டும் அடுத்த கிழமை சொல்லலாம். யோகேஸ்வரனுக்கு வோர்னிங்தானே, ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள். ஆனால் பூசை என்ற சொல் வெளியே வரக்கூடாது. முதல் தடவை கேட்டு வாங்கியது. படம் போட்டிருக்கிறார்கள். சாமி கும்பிட்டு நாலாயிரம் செடியைக் கொன்றவர்கள் என்று ஆகிவிடும். அவரும் கம்பனி எடுத்துக் கொடுத்த விசாவில்தான் இருக்கிறார், மனைவி பிள்ளையோடு.

"ஒரு ஆளு தப்புன்னா அந்த ஒரு ஆளோட போயிரும் கௌரிக்கா" என்றார். "இது நம்ம எல்லார் தலையிலயும் விடியும்."

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் யூனியில் படிக்கிறாள், முதுகு இல்லை. அந்த மேசையை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. வோர்னிங் மட்டும்தான் என்றால், அவனே ஒப்புக்கொண்டும் விட்டான் என்றால்.

"வோர்னிங் மட்டும்தானே?" என்று கேட்டேன்.

சாரதி கணினியைப் பார்த்தார்.

"சாரதி. வோர்னிங் மட்டும்தானே?"

"திங்கக்கிழமைக்கு வேற ஆள் அனுப்பச் சொல்லி கிரெக் ஏஜென்சிக்கு மெயில் போட்டுட்டார்" என்றார். "அவன் கையெழுத்துப் போட்டதும் போட்டுட்டார்."

ஒப்புக்கொண்டால் ஒன்றும் நடக்காது என்று இந்த மனிதர்தான் அவனிடம் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஆள் கெட்டவர் இல்லை. என் முதுகுக்கு ஈரோட்டில் இருந்து எண்ணெய் வரவழைத்துத் தந்தவர். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "அக்கா" என்று ஒருதரம் கூப்பிட்டார். பிறகு என் பின்னால் நடந்து வந்தார்.

கிரெக்கின் அறையில் என் இங்கிலிஷ் போதவில்லை. அதனால் காட்டினேன். சுண்ணாம்பு ஊற்றாத சாடித் தண்ணீர், மஞ்சள். ஆறாம் பந்தித் தண்ணீர், சிவப்பு. திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன். பிறகு தானே கடதாசியை வாங்கித் தானே தொட்டுப் பார்த்தார். மூன்றாம் தரம் சிவந்தபோது, அவன் ஊற்றியிருக்கிறானா என்று கேட்டார். ஒவ்வொரு சாடிக்கும் என்றேன்.

அப்படியென்றால் என் போத்தலுக்குள் சுண்ணாம்பு எப்படி வந்தது என்று கேட்டார். சாரதி கதவடியில் நின்றார். பூசை நாளில் மெசினுக்காக நான் இந்தக் கப்பில் சுண்ணாம்பு கரைத்தேன், சரியாகக் கழுவவில்லை, தினமும் மிச்சத்தைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றினேன் என்றேன். கரைக்கச் சொன்னது யார் என்று நான் சொல்லவில்லை. சாரதியும் வாய் திறக்கவில்லை.

கிரெக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சுவரில் இருந்த பூசைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பூசணி சூப் நன்றாக இருந்தது என்றார். சிரிக்கவில்லை. பிறகு ஏஜென்சிக்கு ஃபோன் எடுத்து ஆள் வேண்டாம் என்றார். யோகேஸ்வரன் கையெழுத்து வைத்த கடதாசியைக் கேட்டேன். அது கோப்பில் போய்விட்டதாம், எடுக்க முடியாதாம். அதற்கு மேலே இன்னொரு கடதாசி வைக்கலாமாம். அதை அவர் சொல்லச் சொல்ல சாரதி அடித்தார். என்னுடைய பெயரும் நான் செய்ததும் அதில் இருந்தது. கையெழுத்து வைத்தேன். திங்களில் இருந்து மண் நிரப்புகிற பக்கம் என்றார். முதுகைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ரக் வெறுமையாகப் போனது. ஆயிரத்துச் சொச்சம் சாடிகளை மட்டும் கந்தகம் போட்டுப் பார்ப்பதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கொட்டச் சொன்னார்கள். யோகேஸ்வரனும் நானும் கொட்டினோம். சாடியைக் கவிழ்த்து, அடியில் தட்டி, செடியைப் பிடுங்கிக் குவியலில் எறி, வெறும் சாடியை அடுக்கு. பத்து மணிக்குள் என் முதுகு பிடித்துக்கொண்டது. நிலத்தில் கிடந்ததை எல்லாம் அவன் எடுத்தான், மேசைமேல் இருந்ததை எனக்கு விட்டான். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். அவன் ஓம் என்றான். அது எதற்கு ஓம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

வேலை முடிகிற நேரம் வரதராஜா வந்து, "என்ன யோகேஸ், நித்திரை கொண்டே நாலாயிரம் சாடிக்கும் ஊத்தியிருக்கிறாய்" என்றார். அது அவருடைய மன்னிப்பு. யோகேஸ்வரன் லேசாகச் சிரித்தான்.

பிறகு குவியலில் எறியாமல் ஒரு சாடியை எடுத்து, மண் உதிராமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினான். ஆகக் கடைசிப் பந்தி ஓரத்தில் நின்றது, இலை எல்லாம் வெளிறிய செடி. அலுமாரியில் மிச்சம் இருந்த மஞ்சள் டப்பாவையும் கேட்டான், கொடுத்தேன். டண்டினொங் பஸ்சுக்கு இருவரும் சேர்ந்து நடந்தோம். பஸ்சில் சாடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. என் நிறுத்தத்துக்குக் கிட்ட வந்ததும் சொன்னேன், வீட்டில் என்னிடம் கந்தகத் தூள் இருக்கிறது, ஒரு கரண்டி போட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று நாலு மாதத்தில் மண் திரும்பப் புளிக்கும், செடி பச்சைக்கு வரும், திங்களே கொண்டு வந்து தருகிறேன் என்று.

"வேண்டாம் அக்கா" என்றான். "இதுக்கு ஒண்டும் போடாதேங்கோ. ஆரும் கேட்டாக் காட்டவேணும். சுண்ணாம்பு இதுக்குள்ள அப்பிடியே இருக்கட்டும்."